அரை டாலர் ஏடு

பால்டிமோர் நகரம். கப்பல் கட்டும் தளங்களிலே சம்மட்டி ஓசை ஓயாத துறைமுகப் பகுதி. அங்கே தேம்ஸ் தெரு. அந்தத் தெருவிலே ஒரு புத்தகக் கடை. 1830-ஆம் ஆண்டையொட்டிய ஒரு நாள், அந்தக் கடைக்குள்ளே நுழைகிறான் ஒரு சிறுவன். பன்னிரண்டு, மிஞ்சினால் பதின்மூன்று வயதிருக்கும். தன் வயது இன்னதென்று அவனுக்கே திட்டமாகத் தெரியாது. அடிமைக்குப் பிறந்த குழந்தையின் பிறந்த நாளை யார் குறித்து வைக்கப் போகிறார்கள்! கையிலே ஐம்பது செண்டு, அரை டாலர். கனவான்கள் சிலரின் காலணிகளுக்கு மை தடவி, மெருகேற்றிச் சேர்த்த காசு.

அந்தக் காசைக் கொடுத்து அவன் வாங்கியது தின்பண்டமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல. ஒரு புத்தகம். அதுவும் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம்! பள்ளியின் வாசற்படியை மிதிக்கவும் உரிமை இல்லாதவன், பாடப் புத்தகம் வாங்குகிறான். ஏன்? தெருவிலே பழகும் வெள்ளைச் சிறுவர்கள் பேசிக்கொண்டது அவன் காதிலே விழுந்திருந்தது. பள்ளி விழாவிலே ஒப்புவிப்பதற்காக அந்த ஏட்டிலிருந்து சில பகுதிகளை மனப்பாடம் செய்யப் போவதாகச் சொன்னார்கள் அவர்கள். அவர்களுக்கு அது ஆசிரியர் இட்ட பாடம். இவனுக்கோ எவரும் இடாத பாடம். எவரும் இடக்கூடாத பாடம். ஆகவேதான் அதன்மீது அவனுக்கு அத்தனை ஆவல்!

சிறுவனின் பெயர் பிரெடரிக் பெய்லி. பிரெடரிக் டக்ளஸ் என்று பின்னாளிலே உலகறிந்த வீரன். ஏட்டின் பெயர் 'கொலம்பியன் ஆரேட்டர்'; அமெரிக்க நாவலன் என்று பொருள் கொள்ளலாம். பேச்சுக்கலை பயிற்றும் நூல். பாஸ்டன் நகரத்து ஆசிரியர் காலெப் பிங்கம் தொகுத்து, 1797-இல் வெளியிட்டது.

பேச்சுக்கலை பொழுதுபோக்கென்பாரும் உண்டு. சொல்லலங்காரம், செவிக்கு விருந்து என்று அதை ஒதுக்கித் தள்ளுவாரும் உண்டு. அவர்கள் இந்த அடிமைச் சிறுவனின் வரலாற்றைப் படிக்க வேண்டும். சொல்லைக் கற்பது, உரிமையைக் கற்பது. வாதிடக் கற்றவனை வாய்பொத்தி நிற்கச் செய்வது எளிதல்ல. இதை அடிமை உணர்வதற்கு முன்பே ஆண்டை உணர்ந்திருந்தான்!

* * *

1818-இல் மேரிலாந்து மாநிலத்துப் பண்ணையொன்றிலே பிறந்தவன் பிரெடரிக். 1826-இல் பால்டிமோரிலே ஹியூ ஆல்ட் என்பவரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். வீட்டுத் தலைவி சோபியா அதுவரை அடிமை வைத்துப் பழகாதவள். ஆகவே அவளுக்கு அடிமையும் மனிதக் குழந்தையாகவே தெரிந்தான். எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தாள். சிறு சிறு சொற்களைக் கூட்டிப் படிக்கவும் பழக்கினாள். பையன் பாடம் படிப்பதைப் பெருமையோடு கணவனிடம் சொன்னாள்.

கணவன் சீறினான். நிறுத்து இதை என்றான். படித்த அடிமை, அடிமைத்தனத்துக்கு உதவாதவன் ஆகிவிடுவான்; அவனைக் கட்டி வைக்க முடியாது; அவனுக்கும் நிம்மதி இராது என்று விளக்கினான். மனைவிக்குச் சொன்ன அறிவுரை அது. ஆனால் பக்கத்திலே நின்ற சிறுவனும் கேட்டுக்கொண்டிருந்தான்! தன் வாழ்நாளிலே கேட்ட முதல் சொற்பொழிவு அதுவே என்னும்படி அது அவன் உள்ளத்திலே பதிந்தது. வெள்ளையன் கறுப்பனை அடக்கி ஆள்வது எந்த வலிமையால் என்று அதுநாள்வரை விளங்காதிருந்த புதிர், அந்தக் கணத்திலே அவிழ்ந்தது. எதை இவன் இவ்வளவு அஞ்சுகிறானோ அதுவே எனக்கு வழி என்று முடிவு செய்தான். கற்பித்த அம்மையாருக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தானோ, தடுத்த ஆண்டைக்கும் ஏறக்குறைய அவ்வளவு கடன்பட்டதாகப் பின்னாளிலே எழுதினான்.

அந்த அச்சம் ஆல்ட் ஒருவனின் அச்சமல்ல. 1740-இலேயே தென் கரோலினா, அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு 100 பவுன் தண்டம் விதித்துச் சட்டம் செய்தது. 1830-இல் வட கரோலினா இன்னும் ஒரு படி மேலே சென்றது. அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் வெள்ளையருக்கு 100 டாலர் முதல் 200 டாலர் வரை தண்டம், அல்லது சிறை. ஓர் அடிமையே இன்னோர் அடிமைக்குக் கற்பித்தால் முதுகிலே 39 கசையடி. அந்தச் சட்டத்திலே ஒரு விதிவிலக்கு உண்டு. படித்தால் சிரிப்பும் வரும், சீற்றமும் வரும். எண்களை மட்டும் கற்பிக்கலாமாம்! மூட்டையை எண்ணத் தெரிந்த அடிமை ஆண்டைக்கு வருவாய். ஏட்டைப் படிக்கத் தெரிந்த அடிமை ஆண்டைக்கு ஆபத்து. எவ்வளவு துல்லியமான கணக்கு! 1831 ஆகஸ்டிலே வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற, படிக்கத் தெரிந்த அடிமை கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பின்னர், தென் மாநிலங்களிலே இத்தகைய தடைகள் மேலும் இறுகின.

மேரிலாந்திலே அப்படியொரு சட்டம் எழுதப்படவில்லை. எழுதாத சட்டம் இருந்தது. வழக்கம் என்று அதற்குப் பெயர். எழுதிய சட்டத்தையாவது மாற்றி எழுதலாம். வழக்கத்தை மாற்ற உள்ளங்களையே அல்லவா மாற்ற வேண்டும்!

வீட்டிலே வாயில் அடைபட்டது. சிறுவன் வீதியைப் பள்ளியாக்கினான். ஆண்டை வீட்டிலே ரொட்டிக்குக் குறைவில்லை. துறைமுகத் தெருவின் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கோ பசி. ரொட்டியைக் கொடுத்தான், எழுத்தைப் பெற்றான். வெப்ஸ்டரின் எழுத்துப் பாடப் புத்தகம் எப்போதும் அவன் பையிலே இருக்கும். கப்பல் தளத்திலே, மரத்துண்டுகள் கப்பலின் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று காட்டத் தச்சர்கள் ஓரிரு எழுத்துகளைக் குறிப்பார்கள். அந்த எழுத்துகளைப் பார்த்தே எழுதப் பழகினான். வேலியும் சுவரும் நடைபாதையும் அவனுக்குச் சிலேட்டு, சுண்ணாம்புக்கட்டி எழுதுகோல். ஆண்டையின் மகன் எழுதி முடித்துப் போட்ட கையெழுத்துப் பயிற்சி ஏடுகளிலே வரிகளுக்கிடையே இருந்த வெற்றிடங்களில், அதே எழுத்தைப் பார்த்து எழுதினான். ஆண்டை மகன் விட்டுவைத்த இடைவெளியிலே அடிமைச் சிறுவனின் கல்வி வளர்ந்தது.

* * *

இத்தகைய நிலையிலேதான் அந்த அரை டாலர் ஏடு அவன் கைக்கு வந்தது.

அதன் முன்பகுதியிலே பேச்சுக்குரிய பொது விதிகள்: குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, கண்ணும் கையும் சொல்லோடு எப்படி இயைய வேண்டும் என்பன. கிரேக்கத்து டெமாஸ்தனிஸ், ரோமாபுரியின் சிசரோ முதலியோர் வழிவந்த பழைய கலையின் சாரம். அதற்கடுத்துச் சொற்பொழிவுகளும் உரையாடல்களும். நீதிபதிகளின் முன்னே நின்ற சாக்ரடீசின் வாதம், ஜார்ஜ் வாஷிங்டனின் உரை, ஆங்கில நாட்டுப் பிட், பாக்ஸ் ஆகியோரின் பாராளுமன்ற முழக்கங்கள், அயர்லாந்திலே கத்தோலிக்கர்க்கு உரிமை கேட்டு எழுந்த குரல்.

இவை அனைத்தினும் மேலாகச் சிறுவனைப் பற்றிப் பிடித்துக்கொண்டது ஒரு சின்னஞ்சிறு உரையாடல். ஆண்டைக்கும் அடிமைக்கும் நடப்பது. இரண்டாம் முறை ஓடிப் பிடிபட்ட அடிமையை, நன்றி கெட்டவனே என்று கடிந்துகொள்கிறான் ஆண்டை. பேச இசைவு கேட்கிறான் அடிமை. இசைவு கிடைக்கிறது. பிறகு ஆண்டை அடுக்கும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விடை இறுக்கிறான். அன்பாக நடத்தவில்லையா என்கிறான் ஆண்டை. அன்பு வேறு, நீதி வேறு என்று பிரித்துக் காட்டுகிறான் அடிமை. விலை கொடுத்து வாங்கினேனே என்கிறான் ஆண்டை. விற்றவனுக்கு என்னை விற்க ஏது உரிமை என்ற கேள்வி பிறக்கிறது. இறுதியிலே வாதத்தால் தோற்ற ஆண்டை அடிமையை விடுதலை செய்கிறான்.

உண்மை உலகத்திலே எந்த ஆண்டை வாதத்துக்குப் பணிந்தான்? சிறுவன் டக்ளசுக்கும் அது தெரியாததல்ல. ஆயினும் அந்த உரையாடல் அவனுக்கு அளித்த கொடை பெரிது. அதுவரை அவன் நெஞ்சிலே நெருப்பு இருந்தது, நாவிலே சொல் இல்லை. எண்ணம் மின்னும்; சொல்லாக உருப்பெறுமுன் மறையும். அந்த ஏட்டைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, மின்னி மறைந்த எண்ணங்களுக்கு மொழி கிடைத்தது.

அது மட்டுமல்ல. வாதத்தின் இலக்கணமும் கிடைத்தது. எதிராளி சொல்வதை முழுதும் கேள். அவன் சொல்லிலே ஒப்புக்கொள்ளத்தக்கதை ஒப்புக்கொள். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டைப் பிரித்துக் காட்டு. அவன் நிற்கும் தரை எதுவோ அதைக் கேள்விக்கு உள்ளாக்கு. கூச்சல் இல்லை, வசை இல்லை. ஆனால் ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்கப்படவில்லை. பேச்சுக்கலையின் உயிர்நாடி இதுவன்றி வேறென்ன?

கல்வி அவனுக்கு உடனே களிப்பைத் தந்துவிடவில்லை. ஆல்ட் சொன்னது பலித்தது! நிம்மதி போயிற்று. தளை இன்னதென்று தெரிந்தது. அதைக் கழற்றும் வழி தெரியவில்லை. ஒன்றுமறியாத மற்ற அடிமைகளைக் கண்டு பொறாமைப்பட்ட நாள்களும் உண்டு. விழித்தவனுக்குத்தான் இருட்டு தெரியும். உறங்குகிறவனுக்கு இருட்டும் ஒன்று, பகலும் ஒன்று.

* * *

தான் கற்றதைத் தனக்கென்று வைத்துக்கொண்டானா? இல்லை. மறுபடியும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டபோது, ஞாயிற்றுக்கிழமைகளிலே அடிமைகளுக்குப் படிப்புச் சொல்லித் தரும் சிறு பள்ளி ஒன்றிலே சேர்ந்து உழைத்தான். வேதத்தைப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிதான் அது! ஆனாலும் அதைக் கலைக்க வந்தவர்கள் யார் தெரியுமா? அதே வேதத்தைத் தேவாலயத்திலே ஓதி வந்த பக்திமான்கள்! தடியோடும் கையில் அகப்பட்ட பொருளோடும் பாய்ந்து வந்து விரட்டினார்கள். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமையிலே குடிக்கலாம், குத்துச்சண்டை போடலாம், மல்லுக்கு நிற்கலாம். அதிலே அவர்களுக்கு மறுப்பில்லை. படிக்கத்தான் கூடாது. பக்தியின் முகமூடி கழன்று விழுந்த இடங்களிலே அதுவும் ஒன்று. 1835-இல் வேறொரு பண்ணையிலே மறைவாக மீண்டும் பள்ளி நடத்தினான். ஒரு காலத்திலே நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் வந்து படித்தார்கள். பிடிபட்டால் முதுகிலே 39 அடி என்று தெரிந்தே வந்தவர்கள்.

மறுபடி பால்டிமோர். அங்கே சுதந்திரம் பெற்ற கறுப்பின இளைஞர்கள் சிலர், கப்பல் தளத் தொழிலாளர்கள், சொற்போர்க் கழகம் ஒன்று நடத்தினார்கள். அடிமையாயிருந்தும் டக்ளசுக்கு அங்கே இடமளித்தார்கள். பகலெல்லாம் கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கும் வேலை. ஓய்வு நேரத்திலே வாதத்தின் ஓட்டையைத் தேடும் வேலை! 1838 செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமி உடையணிந்து, இரவல் பெற்ற சான்றிதழோடு இரயிலேறித் தப்பினான். நியூ பெட்போர்டு நகரிலே கூலி வேலை; புதுப் பெயர்; சுதந்திர வாழ்வு. 1841 ஆகஸ்டிலே நான்டுக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டிலே எழுந்து பேசினார். அன்றே சங்கத்தின் பேச்சாளர் பணி அவரைத் தேடி வந்தது.

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று எண்ண வேண்டாம். முதற் கதவுதான் திறந்தது. இரண்டாவது கதவு, நண்பர்கள் சாத்தி வைத்திருந்த கதவு!

ஆம், நண்பர்கள்தான். அடிமை ஒழிப்புக்காகவே வாழ்ந்த வெள்ளையர்கள். அவர்கள் தியாகத்தைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் மேடையிலே டக்ளசிடம் அவர்கள் வேண்டியது என்ன? உன் கதையைச் சொல், போதும். பட்ட அடியைச் சொல். தத்துவத்தை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். பேச்சிலே கொஞ்சம் பண்ணை வாடை இருந்தால் நல்லது. மிகவும் படித்தவனாகக் காட்டிக்கொள்ளாதே என்றும் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த நல்லெண்ணத்தின் பொருள் யாது? கண்ணீர் உன்னுடையது, கருத்து எங்களுடையது. காயத்தைக் காட்ட நீ, காரணத்தை ஆராய நாங்கள்.

டக்ளஸ் அதற்கு உடன்படவில்லை. நாள்தோறும் படித்தார், நாள்தோறும் சிந்தித்தார், மேடையிலே கதை சொல்வதோடு நில்லாமல் கொடுமையைக் கண்டித்து வாதிட்டார். உடனே ஐயம் கிளம்பிற்று. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியுமா, பொய்யன் என்றது ஒரு கூட்டம். பேசத் தெரியாவிட்டால் மிருகம்! பேசத் தெரிந்தாலோ மோசடிக்காரன்! ஆதிக்கத்தின் தருக்கம் எப்போதும் இப்படித்தான்.

அதற்கு அவர் தந்த விடை, 1845-இல் வெளிவந்த தன்வரலாற்று நூல். பிறந்த ஊர், ஆண்டைகளின் பெயர், கசையடி விழுந்த இடம் அனைத்தையும் பெயர் சுட்டி எழுதினார். தப்பி வந்த அடிமையைச் சட்டப்படி பிடித்துச் செல்லலாம் என்றிருந்த நாளிலே, தன் ஆண்டை இன்னாரென்று அச்சிலே அறிவித்தார். சான்று என்றால் இதுவல்லவா சான்று! அந்த ஆபத்தினால் கடல் கடந்து, அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பேசித் திரிந்தார். அங்கிருந்த நண்பர்கள் 1846-இல் 150 பவுன் கொடுத்து அவர் விடுதலையை வாங்கினர். 1847 டிசம்பரிலே ராச்செஸ்டர் நகரிலிருந்து சொந்தமாக ஒரு வார ஏடு, 'நார்த் ஸ்டார்' என்னும் வடமீன், வெளிவரத் தொடங்கியது. தத்துவத்தைப் பார்த்துக்கொள்ள இனி வேறெவரும் வேண்டியதில்லை!

1852 ஜூலை 5-ஆம் நாள் அதே ராச்செஸ்டரிலே அமெரிக்க விடுதலை நாளைப் பற்றி அவர் ஆற்றிய உரை பெரும்புகழ் பெற்றது. அதிலே ஒரு வாதம், நமது கதையின் தொடக்கத்தையே தொட்டு நிற்கிறது. அடிமை மனிதன்தான் என்று மெய்ப்பிக்க நான் ஏன் வாதிட வேண்டும்? அதை உங்கள் சட்டங்களே ஒப்புக்கொண்டு விட்டனவே! அடிமைக்கு எழுத்தறிவிப்பதைத் தடுக்கும் சட்டங்கள் உங்களிடம் இருக்கின்றன. வயலிலே மேயும் விலங்குக்கு அப்படிச் சட்டம் செய்தீர்களா? இந்தக் கருத்தை எடுத்து வைத்தார். எந்தத் தடை அவரை ஊமையாக்க வந்ததோ, அந்தத் தடையையே சாட்சிக் கூண்டிலே ஏற்றினார். ஆண்டையின் அச்சமே அடிமையின் அறிவுக்கு நற்சான்று!

* * *

மூன்றாவது கதவு இன்னும் கனமானது. அது கல்விக்கூடத்தின் கதவு.

அக்காலத்து அமெரிக்க அறிஞர் சிலர், கறுப்பினம் தனிப் படைப்பு, தாழ்ந்த படைப்பு என்று விஞ்ஞானத்தின் பெயராலே எழுதி வந்தனர். பிலடெல்பியா மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளைச் சேகரித்து, அவற்றுள் விதைகளையும் ஈயக் குண்டுகளையும் நிரப்பிக் கொள்ளளவு கண்டு, இனங்களை வரிசைப்படுத்தினார். 1839-இல் பெரும் படங்களோடு நூலும் வெளியிட்டார். அவர் வழி வந்த நாட், கிளிட்டன் இருவரும் 1854-இல் 'மனித வகைகள்' என்ற தடித்த நூலைக் கொணர்ந்தனர். ஹார்வர்டுப் பேராசிரியர் அகாசிஸ் அதிலே கட்டுரை எழுதித் துணை நின்றார். வேதத்தைக் காட்டி அடக்கியது போதாதென்று விளக்கப்படம் காட்டி அடக்கக் கிளம்பினர். கசைக்குப் புதிய கைப்பிடி!

அதே 1854-இல், ஒகாயோ மாநிலத்திலிருந்த வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரி மாணவர்கள் தங்கள் பட்டமளிப்பு நாளிலே உரையாற்ற டக்ளசை அழைத்தனர். படிப்பதற்காக ஒரு நாளும் பள்ளிக்குள் நுழையாதவர், பேராசிரியர்கள் நிறைந்த அவையிலே பேச வேண்டும்! தயங்கினார், பிறகு ஒப்பினார். அந்த இனவியல் அறிஞர்களையே எதிர்ப்பது என்று பொருளையும் தேர்ந்தார்.

இப்போது மீண்டும் மாணவரானார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத் தலைவர் ஆண்டர்சனிடமும், கல்வியிற் சிறந்த வேலந்து என்ற நண்பரிடமும் சென்றார். என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். அவர்கள் வழி காட்டினார்கள். நூல்கள் கைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, மனித குலம் ஒன்றே என்று வாதிட்ட ஆங்கில அறிஞர் பிரிச்சர்டின் 'மனிதனின் இயற்கை வரலாறு'. முப்பத்தாறு வயதிலே, நாடறிந்த நாவலர், பால்டிமோர்ச் சிறுவன்போலப் பகலும் இரவும் அமர்ந்து படித்தார், குறிப்பெடுத்தார், தம் உரை முழுவதையும் ஆய்வுரையாக எழுதினார்.

1854 ஜூலை 12-ஆம் நாள் அந்த உரை நிகழ்ந்தது. அதன் அமைப்பைப் பாருங்கள். எதிரிகளின் நூல்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கிறார். வசைபாடவில்லை, வரிசையாகச் சோதிக்கிறார். உங்கள் நூல்களிலே ஐரோப்பியனுக்கு எழிலார்ந்த முகத்தை வரைகிறீர்கள். கறுப்பனுக்கு மட்டும் சிதைந்த முகத்தை வரைகிறீர்கள். இது அளவையா, ஓரவஞ்சனையா என்று கேட்கிறார். பண்டை எகிப்தின் நாகரிகத்தை ஆப்பிரிக்காவிலிருந்து பிரித்தெடுக்க நீங்கள் படும் பாடு ஏன் என்று கேட்கிறார். அயர்லாந்திலே தாம் நேரிற் கண்ட ஏழைகளைச் சான்றுக்கு அழைக்கிறார்: பசியும் அடக்குமுறையும் வாட்டிய அந்த வெள்ளை மக்களின் தோற்றத்திலும், எதை நீங்கள் கறுப்பினத்தின் இயல்பென்கிறீர்களோ அது இருந்தது, ஆகவே குறை குருதியிலே இல்லை, வாழ்க்கை நிலையிலே இருக்கிறது என்று நிறுவுகிறார். முத்தாய்ப்பாக வருவது இது: என் வாதம் முழுவதும் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள், மனித குலம் ஒரே மூலத்திலிருந்து வரவில்லை என்றே ஆகட்டும், அதனால் எவனுடைய உரிமை குறைந்துவிடும்? உரிமைக்கு அடிப்படை மனிதத் தன்மையே அன்றி மூதாதையர் பட்டியலல்ல!

மார்ட்டனின் மண்டையோட்டுக் கணக்கை அறிவுலகம் தள்ளிவிட்டது. மனிதர் அனைவரும் ஒரே இனவகை. அதன் வேர் ஆப்பிரிக்க மண்ணிலே என்பது பள்ளிப் பிள்ளையும் படிக்கும் பாடமாயிற்று. பட்டம் பெற்றவர்கள் பிழைபட்டனர். பள்ளி காணாதவர் பக்கம் உண்மை நின்றது.

* * *

ஆனால், உரை வெற்றி பெற்றதா? அதை டக்ளஸே தம் முதுமையிலே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மேற்கோள்கள் நிரம்பிய, பாடுபட்டு எழுதிய அந்த உரை, அவையிலே எடுபடவில்லையாம்! காலடியிலே விழுந்து மடிந்ததாம். பிறகு நடந்த விருந்திலே, ஏடு இல்லாமல், அந்த நேரத்து உணர்ச்சியால் பேசிய நாலு வார்த்தைகளுக்கு ஆரவாரக் கைதட்டலாம். அறிஞன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை தம்மைப் பிடித்துக்கொண்டதென்று தம்மைத் தாமே கேலி செய்துகொள்கிறார். ஆயினும் அந்தப் படிப்பும் உழைப்பும் வீணல்ல, தாம் ஏறவேண்டியிருந்த படிகளே அவை என்றும் சேர்த்தே சொல்கிறார்.

தோழர்களே, இந்த ஒப்புதலிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மேடையை நேசிப்பவர்கள் நாம். அடுக்குமொழிக்கு அவை அதிர்வதைக் கண்டு மகிழ்பவர்கள் நாம். கைதட்டல் விருந்து மண்டபத்திலே எழுந்து அங்கேயே அடங்கிற்று. அவையிலே மடிந்ததாகத் தோன்றிய ஆய்வுரையோ அச்சேறி நிலைத்தது. அதைத் தேடிப் படிப்பவர்கள் இன்றும் உண்டு. கைதட்டல் வேண்டாம் என்பதல்ல. கைதட்டல் ஓய்ந்த பிறகு எதிரி கேட்கும் கேள்விக்கு விடை கைவசம் இருக்க வேண்டும் என்பதே பாடம். அதுபோலவே, ஏடுகளைச் சுமந்தால் மட்டும் போதாது. எதிரே அமர்ந்திருப்பவன் நெஞ்சைத் தொடும் மொழியும் வேண்டும். நிறையப் படி, தெளிவாகப் பேசு. டக்ளஸ் இரண்டையும் கற்கப் பல்லாண்டு தவம் கிடந்தார்.

அமெரிக்க அடிமை விடுதலையின் எதிரொலி நம் நாட்டிலும் கேட்டது. மராட்டிய மண்ணிலே ஜோதிராவ் புலே, 'குலாம்கிரி' என்ற தம் நூலை 1873-இல் வெளியிட்டபோது, அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். ஏன் அவ்வளவு தொலைவு பார்த்தார்? வேதத்தைக் கேட்ட சூத்திரன் செவியிலே ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்ன சாத்திரம் புழங்கிய நாட்டிலே பிறந்தவர் அவர். வட கரோலினாவின் 39 கசையடியைப் புரிந்துகொள்ள அவருக்கு அகராதி தேவைப்படவில்லை! கடல் பல கடந்தாலும் ஆதிக்கம் அஞ்சுவது ஒன்றைத்தான்: அடக்கப்பட்டவன் காதிலே விழும் சொல், பிறகு அவன் வாயிலிருந்து வரும் சொல்.

1895 பிப்ரவரி 20-ஆம் நாள் டக்ளஸ் மறைந்தார். அடிமையாய்ப் பிறந்தவர், ஏட்டாசிரியராய், எழுத்தாளராய், ஹெய்த்தி நாட்டுக்கு அமெரிக்கத் தூதராய் உயர்ந்து மறைந்தார். அந்த உயர்வின் முதற்படி, காலணிக்கு மை பூசிச் சேர்த்த அரை டாலர்.

இளைஞனே, உனக்கும் பாடங்கள் இடப்படுகின்றன. தேர்வுக்காக, மதிப்பெண்ணுக்காக, ஒப்புவிப்பதற்காக ஏடுகள் தரப்படுகின்றன. பால்டிமோர்ப் பள்ளியின் வெள்ளைச் சிறுவர்களுக்கும் அப்படித்தான் தரப்பட்டது. அதே ஏட்டை, அதே வரிகளை, வாசலுக்கு வெளியே நின்ற ஒருவன் விலை கொடுத்து வாங்கினான். தன் வாழ்வுக்கு விடை தேடிப் படித்தான். ஏடு ஒன்றுதான். படித்த காரணம் வேறு. ஆகவே விளைந்த பயனும் வேறு. இன்று மாலை உன் பாட நூலைத் திறக்கும்போது, உன் வீட்டிலே, உன் தெருவிலே, அந்த ஏட்டைத் தொடவும் வாய்ப்பில்லாமல் போனவர்களை ஒரு கணம் எண்ணிப் பார். அவர்களுக்காகவும் சேர்த்துப் படி. கண்ணீரை மட்டும் கேட்கும் அவைகளுக்கு, கருத்தையும் எடுத்துச் செல்!